ஓடித்தான் கொடுக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஐயா ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லி எதற்காக மாரத்தான் ஓட வேண்டும், கொடுக்க நினைக்கிறவர்கள் பணத்தை நேராக மருத்துவமனையில் கட்டிவிட்டுப் போகலாமே, டீ-சர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவு மிச்சமாகுமே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் என்னிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக வரும். இடம் இருந்தால் போடுங்கள்.

நான் அயனாவரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். தையல் மெஷின் இரண்டு, ஓவர்லாக் மெஷின் ஒன்று. ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை. வயது 48. 2025 ஜனவரி 5-ஆம் தேதி சென்னையில் முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும், ஓடி முடித்தேன். ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்காக ஓடினேன்.

காரணம் என் மகள். 2009-இல் அவளுக்கு நான்கு வயது. ஒருநாள் காலையில் எழுந்தபோது முகம் உப்பியிருந்தது. இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையில் நீர் கோத்திருக்கும் என்று மாமியார் சாம்பிராணி போட்டார். மதியத்துக்குள் வீக்கம் வடிந்தது, மறுநாள் காலையில் திரும்ப வந்துவிட்டது. ஒரு வாரத்தில் காலும் வயிறும் வீங்கி, கொலுசு சதையில் புதைந்துபோனது. சோப்பு நுரை போட்டு இழுத்தும் வரவில்லை. ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போய் வெட்டித்தான் எடுத்தோம். அப்போது நாங்கள் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பிள்ளை பிழைத்தது அங்கேதான். அந்த டாக்டர்களையும் சிஸ்டர்களையும் இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று சொன்னார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரகம் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது, அதனால் உடம்பில் நீர் தங்கி வீங்குகிறது என்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அடங்கும், சளியோ காய்ச்சலோ வந்தால் திரும்ப வரலாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நின்றுவிடும் என்றார். ‘நின்றுவிடும்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு வருடம் ஓட்டினோம்.

வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்க சிஸ்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். காலையில் முதலில் போகிற சிறுநீரை டெஸ்ட் டியூபில் முக்கால் அளவு பிடிக்க வேண்டும். டியூபைச் சாய்த்துப் பிடித்து மேல் பாதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கீழ்ப் பாதி அப்படியே இருக்கும், மேலே கொதி வரும். தெளிவாகவே இருந்தால் நல்லது. புரதம் போனால் வெள்ளையாகத் திரிந்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும். தினமும் காலையில் அடுப்பில் பால் வைப்பதற்கு முன்னால் அந்த டியூபைத்தான் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பின்னால் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “தெளிவா இருக்காம்மா?” என்று கேட்பாள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பேன். அந்த மாதிரி ஏழு நோட்டுகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன.

முதல் தடவை 23 நாள் மருத்துவமனையில் இருந்தோம். மருந்துக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் கட்டில் குழந்தைக்கு மட்டும்தானே? ஒரு குழந்தையோடு ஒரு பெண் இருக்கலாம், அவ்வளவுதான். ராத்திரி கட்டிலுக்கு அடியில் பழைய புடவையை விரித்துப் படுப்பேன். விடிகாலை துடைக்க வருவார்கள், சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை பைதான். அதில் பணம், ரேஷன் கார்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, டாக்டர் எழுதிய தாள் எல்லாம் இருக்கும். வைக்க இடம் இல்லை. பையின் காதைத் துப்பட்டாவோடு முடிந்து, அந்தத் துப்பட்டாவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தூங்குவேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனால் பையும் கூடவே வரும். நாங்கள் போன மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில் அம்மாவின் பை திருடு போனது. எண்ணூறு ரூபாய் போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த குழந்தையின் ரிப்போர்ட்டெல்லாம் போய்விட்டதே என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நான் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். ஆண்களுக்கு வார்டில் இடமில்லை என்பதால் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் படுத்திருந்தார். ஒருநாள் ராத்திரி மழை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் விடிய விடிய நின்றுவிட்டு, காலையில் டீயோடு வந்தார். சட்டையைப் பிழிந்து திரும்பப் போட்டிருந்தது தெரிந்தது. “நல்லாத் தூங்கினேன்” என்று சொன்னார். 23 நாள் கூலி போனது, வட்டிக்கு வாங்கியது ஆறாயிரம்.

இன்றைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. பெரிய விஷயம், எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கூட இருக்கிற அம்மாவின் டீ, பஸ் காசு, வாசலில் காத்துக் கிடக்கிற அப்பாவின் கூலி, ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த இன்னொரு பிள்ளையின் சாப்பாடு, இதெல்லாம் எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. குழந்தைக்குக் குணமாவதற்கு முன்னாலேயே, ‘எழுதிக் கொடுங்கள், ஊருக்குப் போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பின இரண்டு குடும்பங்களை அந்த 23 நாளில் பார்த்தேன். அவர்கள் கிளம்பினது சிகிச்சைக்குக் காசில்லாமல் இல்லை. இருக்க வழியில்லாமல்.

சரி, மாரத்தானுக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி சென்னையில் கலைஞர் நூற்றாண்டு மாரத்தான் நடந்தது. எழுபதாயிரம் பேருக்கு மேல் பதிவு செய்து கின்னஸ் சாதனை என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுநாள் ஒரு வாடிக்கையாளரின் ஜாக்கெட்டைச் சுற்றிக் கொடுக்க எடுத்த செய்தித்தாளில் அந்தச் செய்தியின் கடைசிப் பத்தி கண்ணில் பட்டது. நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த மூன்று கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுடன் வருகிறவர்கள் தங்குவதற்குக் கட்டடம் கட்டக் கொடுக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டேன். கூட வருகிறவர்கள் தங்குவதற்கு! மருந்துக்கு, கருவிக்கு என்று பணம் திரட்டிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் படுத்த என்னை நினைத்து, சைக்கிள் ஸ்டாண்டில் படுத்த அவரை நினைத்து, இத்தனை ஆயிரம் பேர் ஓடினார்களா என்று ஆகிவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்குக் காரணமே தெரியாமல் இருந்திருக்கலாம். இருந்தாலும் ஓடினார்கள், பணம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்தியை வெட்டி அளவு நோட்டின் அட்டையில் ஒட்டினேன். ஜாக்கெட்டை வேறு தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

நான் ஓட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் காலையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் குடியிருப்புச் சாலைகளில் நடந்துகொண்டிருந்தேன். பழைய பெரிய மரங்கள், வண்டி குறைவு, நடக்க நல்ல இடம். அங்கே ஐந்தாறு பேர் சேர்ந்து ஓடுவார்கள். அதில் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், “தங்கச்சி, அந்த வேப்பமரம் வரைக்கும் மட்டும் ஓடிப் பாரேன்” என்று ஆரம்பித்து வைத்தார். வேப்பமரம் வரைக்கும் நூறு மீட்டர்கூட இருக்காது. மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும். ஆறு மாதத்தில் பத்து கிலோமீட்டர்.

டெரி ஃபாக்ஸ் கதையைச் சொன்னதும் அந்த அண்ணன்தான். கனடாவில் ஒரு பையன். எலும்பில் புற்றுநோய் வந்து ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையின்போது கூட இருந்த நோயாளிகளின் வேதனையை, சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடக் கிளம்பினான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் அதற்கு மேல் ஓட முடியவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனான், வயது 22. அவன் தன் நாட்டு மக்களிடம் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். அவன் பெயரில் நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஓட்டம் நடக்கிறது, அண்ணன் போய் ஓடிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன்: ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஆளுக்கு 42 ரூபாய்.’

கடிதம் எழுதிய ஐயாவுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஓடுவதற்கு முன்னாலும் நான் பணம் கேட்டுப் பார்த்தவள். மகளுக்கு உடம்பு தேறியதும், இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போக வரக் காசு வேண்டும் என்று பத்து வீடு ஏறினேன். “நாளைக்கு வாம்மா” என்றார்கள். சிலர் கதவைப் பாதி மூடிக்கொண்டு பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தினமும் யாராவது வந்து கையேந்தினால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். எனக்கும் நான்காவது வீட்டிலேயே குரல் இறங்கிவிட்டது.

இந்தத் தடவை, “நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போறேங்க” என்று ஆரம்பித்தேன். யாருமே கதவை மூடவில்லை. “நீயா? முடியுமா? எங்கிருந்து எங்க வரைக்கும்?” என்று கேட்டார்கள். அயனாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் போகிற அளவுக்கு இருக்குமே என்று ஒருவர் கணக்குப் போட்டார். எதற்கு என்று கேட்பார்கள். சொல்வேன். அப்புறம் அவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். பூக்கார அம்மா தன் முதல் பிள்ளையை மஞ்சள் காமாலையில் இழந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். இத்தனை வருடமாக அவரிடம் பூ வாங்குகிறேன், எனக்குத் தெரியாது. மாவு மில் தம்பி, தங்கைக்கு இதயத்தில் ஓட்டை இருந்து அடைத்த கதையைச் சொல்லி 420 ரூபாய் கொடுத்தார். மீன் விற்கிற அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு 42 ரூபாயைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்து, “எம் பேர நீயே எழுதிக்க, எனக்கு எழுத வராது” என்றார். அவர் பெயரைத் திருத்தமாக, பெரிதாக எழுதினேன். சீருடை அளவுக்கு வந்த ஏழாம் வகுப்புப் பையன் உண்டியலை உடைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், இரண்டு ரூபாய் மட்டும் வாங்கினேன். 217 பேர். மொத்தம் 61,740 ரூபாய்.

ஐயா, அந்த மீன்கார அக்கா 42 ரூபாயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய், எந்த அறையில் கட்ட வேண்டும் என்று விசாரித்து, வரிசையில் நின்று கட்டுவாரா? நேராகக் கொடுப்பதற்கு முதலில் ஒரு பெரிய தொகை கையில் இருக்க வேண்டும், அந்த அலுவலகத்துக்குள் தயங்காமல் நுழையத் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. நான் ஓடியதால்தான் 217 பேர் கொடுத்தார்கள். என் ஓட்டம் யாருடைய காய்ச்சலையும் குறைக்கவில்லை, உண்மைதான். ஆனால் கேட்பதற்கு எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது, கொடுப்பதற்கு அவர்களுக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதி இடத்தை அடைக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஓட நினைக்கிற பெண்களுக்கு உதவும். கடையில் வாங்கிய பேன்ட்டைப் போட்டு இருபது கிலோமீட்டர் ஓடிய அன்று, உள்தொடையில் இருக்கிற தையல் தோலை அறுத்துவிட்டது. வியர்வை உப்பு பட்டுத் தீயாக எரிந்தது. நானே நல்ல துணி வாங்கித் தைத்தேன். உள்தொடையில் தையல் வராத மாதிரி, பன்னிரண்டு அங்குல நீளத்தில் ஒரு நீட்டுப் பட்டை வைத்துத் தையலை முன்னாலும் பின்னாலும் தள்ளிவிட்டேன். இடுப்பில் செல்போனுக்கும் கடலை மிட்டாய்க்கும் பட்டன் வைத்த பை. அதன் பிறகு எங்கள் குழுவில் நான்கு பெண்களுக்கு அதே மாதிரி தைத்துக் கொடுத்தேன். அந்தக் கூலியில்தான் ஓட்டத்துக்கான நுழைவுக் கட்டணத்தைக் கட்டினேன், ஷூவும் வாங்கினேன். நோட்டில் இருந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட என் ஓட்டத்துக்குச் செலவாகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஐயாவின் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது.

ஓட்ட நாள் வந்தது. நல்ல மார்கழி. இருட்டோடு நேப்பியர் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். கூவம் முகத்திலிருந்து குளிர்ந்த காற்று. மகள் என் மார்பில் எண் அட்டையை நான்கு ஊக்கு குத்தி மாட்டினாள். அவளுக்கு இப்போது இருபது வயதாகிறது. லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறாள். டெஸ்ட் டியூபோடு வளர்ந்தவள், அதையே படிக்கிறேன் என்றாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவளுக்கு அந்த நோய் திரும்ப வரவில்லை. அன்றைக்கு ஊக்கு குத்தும்போது அவள் கை நடுங்கியது.

கலங்கரை விளக்கம் தாண்டி சாந்தோம் போகிற வரைக்கும் கால் தானாகப் போனது. எங்கோ ஒரு கோயிலில் ஸ்பீக்கரில் பாவைப் பாட்டு. சில வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். பெசன்ட் நகர் பக்கம் வெளிச்சம் வந்தது. இருபத்தைந்து வரைக்கும் நன்றாகவே ஓடினேன். முப்பதுக்கு மேல் வெயில் ஏற ஆரம்பித்தது, தொடை கல்லாகிவிட்டது. பெருவிரல் நகம் ஷூவில் இடித்து இடித்து மரத்துப்போனது. அது பின்னால் கறுத்து விழுந்து புதிதாக முளைக்கப் பல மாதம் ஆனது. உப்புக் கரைசல் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், “அம்மா, மெதுவா, மெதுவா குடிங்க” என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் ஒரு வேலை செய்திருந்தேன். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்பதால், 42 கிலோமீட்டரையும் பெயர் பெயராகப் பிரித்து ஒரு துணிப் பட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி முன்கையில் கட்டிக்கொண்டேன். ஐந்தாவது பூக்கார அம்மாவுக்கு. பதினேழாவது மாவு மில் தம்பியின் தங்கைக்கு. முப்பத்து மூன்றாவது, பை திருடுபோன அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு. அவள் பெயர் எனக்குத் தெரியாது, ‘பக்கத்துக் கட்டில்’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்தேன். நடந்தாலும் நிற்கவில்லை. நாற்பத்தொன்று என் வீட்டுக்காரருக்கு. நாற்பத்திரண்டை யாருக்கும் எழுதவில்லை, அந்த நேரத்தில் யார் வார்டில் இருக்கிறார்களோ அவர்களுக்கு என்று விட்டிருந்தேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிவுக் கோட்டுக்கு அப்பால் அவர் நின்றிருந்தார். கையில் ஒரு ஃபிளாஸ்க்கில் டீ.

பணத்தை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்ய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒரு அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போய், அங்கே இருந்த மூத்த சிஸ்டரிடம் என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டேன். “எங்கிட்ட கேக்காதீங்கம்மா, அவங்ககிட்ட கேளுங்க” என்று கட்டில்களைக் காட்டினார். எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்டேன். யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. செல்போன் சார்ஜ் போட ஓர் இடம். குழந்தையைத் துடைக்க, பால் பாட்டில் கழுவ வெந்நீர். முக்கால்வாசிப் பேர் சொன்னது, பையை வைக்கப் பூட்டோடு ஒரு பெட்டி. பதினாறு வருடம் கழித்தும் அதே பை.

மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கம் வழியாக முறைப்படி கொடுத்து ரசீது வாங்கினோம். பன்னிரண்டு அறைகள் உள்ள இரும்பு லாக்கர் மூன்று, சுவரில் மாட்டுகிற வெந்நீர் ஹீட்டர் ஒன்று, பத்து பிளக் உள்ள சார்ஜ் போர்டு இரண்டு. லாக்கர் சாவி ஒவ்வொன்றுக்கும் நான் ஜாக்கெட் துணி வெட்டில் கயிறு தைத்துக் கொடுத்தேன், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. சாவி தொலையாது, கையும் சும்மா இருக்கும். முதல் நாள் சாவி வாங்கிய ஓர் இளம் அம்மா பையை உள்ளே வைத்துப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். திரும்பத் திறந்து, திரும்பப் பூட்டினாள். பிறகு இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

ரசீதை ஜெராக்ஸ் எடுத்து, என்னென்ன வாங்கினோம், எவ்வளவு என்று எழுதி, 217 பேருக்கும் காட்டினேன். பூக்கார அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஐயா சொன்னதில் ஒரு பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பெரிய ஓட்டங்களை நடத்துகிறவர்கள், கட்டணத்தில் எத்தனை ரூபாய் டீ-சர்ட்டுக்கும் பந்தலுக்கும் போனது, எத்தனை ரூபாய் குழந்தைகளுக்குப் போனது, அதில் என்ன வாங்கினார்கள் என்று ஓடியவர்களுக்குச் சொல்ல வேண்டும். தையல்காரி நான் ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியும் என்றால் அவர்களாலும் முடியும். டீ-சர்ட் வேண்டாம், பதக்கம் வேண்டாம், அந்தக் காசையும் மருத்துவமனைக்கே சேருங்கள் என்று சொல்ல விரும்புகிறவர்களுக்குப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் வைக்கலாம். என் பீரோவில் மூன்று டீ-சர்ட் பிரிக்காமல் கிடக்கின்றன. கட்டணம் கட்ட முடியாமல், ஆனால் ஓடவும் திரட்டவும் தயாராக இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம். லண்டன் மாரத்தானில் தொண்டு நிறுவனங்களுக்கென்று இடங்கள் தருகிறார்கள், இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று உறுதி சொல்லி அந்த இடத்தில் ஓடுகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். அப்படி இங்கேயும் செய்யலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாரத்தான் நடந்த மறுநாள் கொடியசைக்கிற படத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பணம் என்ன ஆனது என்று ஒரு நிருபரை அனுப்பிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே போடுங்கள். கட்டடம் வந்திருந்தால் அதில் ராத்திரி தங்குகிற ஓர் அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்த ஜனவரிக்குப் புது நோட்டு வாங்கிவிட்டேன். வார்டில் கேட்டுவிட்டும் வந்தேன். இந்தத் தடவை அப்பாக்களுக்கு, வெளியே மழை படாமல் படுக்கக் கூரையோடு ஒரு திண்ணை வேண்டும் என்கிறார்கள். அதற்கு 61,000 போதாது, ஆள் கூட வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வேண்டும், அதற்கு இருநூறு ரூபாய்தான் ஆகும். அதை ஜனவரி வரைக்கும் தள்ளிப்போட மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வருவதாகச் சொல்லி, சிஸ்டரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்.

இப்படிக்கு,
தையல்கார வாசகி ஒருத்தி,
அயனாவரம், சென்னை.